லில்லுக்கு வரும் தம்பிக்கு: குளிரை விடுங்கள், ஈரத்தைப் பாருங்கள்

தம்பி, செப்டம்பரில் படிக்க வட பிரான்சில் இருக்கும் லில் நகருக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். குளிர் எவ்வளவு, என்ன ஜாக்கெட் வாங்குவது, நம் ஊர்ச் சாமான் கிடைக்குமா, ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாமா, இல்லை பாரிஸில் லாச்சப்பல் பக்கம் தமிழர்களோடு தங்கிக்கொண்டு தினமும் ரயிலில் போய்வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. 2005இல் ஜவுளிப் படிப்புக்காகத் திருப்பூரிலிருந்து லில் பக்கத்து ஊரான ரூபேவுக்கு வந்தபோது எனக்கும் இதே யோசனையைத்தான் சொன்னார்கள்.

ஜாக்கெட்டை இங்கே வந்தே வாங்குங்கள். விளையாட்டு உடைகள் விற்கும் டெகத்லானின் முதல் கடை 1976இல் திறந்ததே லில் பக்கத்தில்தான். பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் ஞாயிற்றுக்கிழமை லில்லின் வாசெம் சந்தையில் கிடைக்கும். பாரிஸ் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம் என்பது உண்மைதான். அதற்கு முன்னும் பின்னும் மெட்ரோ, டிக்கெட் விலை, பாரிஸ் வாடகை எல்லாம் சேர்ந்தால் படிப்பதற்கு உடம்பில் தெம்பு இருக்காது.

குளிர் ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. லில்லில் வருடத்துக்கு 740 மில்லிமீட்டர் மழைதான், சென்னையில் பெய்வதில் கிட்டத்தட்டப் பாதி. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே வருடம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் எழும், மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். துணி காயாது, சுவரும் காயாது.

நான் முதலில் எடுத்தது ரூபேயில் ஒரு கூரே வீடு. கூரே என்றால் நம் திருப்பூர் லைன் வீடுதான். தெருவிலிருந்து ஒரு சந்து, உள்ளே முற்றம், அதை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் செங்கல் வீடுகள். 19ஆம் நூற்றாண்டில் மில் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை. செப்டம்பரில் பார்த்தபோது புது வெள்ளைப் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. நவம்பரில் அலமாரியை நகர்த்தினேன், பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். பிப்ரவரி வரை இருமினேன். காலி செய்தபோது, நான் சமைத்த ஆவியால்தான் சுவர் கெட்டது என்று சொல்லி வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவே இல்லை. திருப்பிக் கேட்க எனக்கு அப்போது பிரெஞ்சு வரவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கசப்பு போகவில்லை.

அதனால் சொல்கிறேன். வீடு பார்க்கும்போது அலமாரியை நகர்த்திப் பாருங்கள், சுவரில் கை வைத்துப் பாருங்கள், மூலையில் மோந்து பாருங்கள். புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். சாவி வாங்கும் நாளில் வீட்டின் நிலையை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஒவ்வொரு கறையையும் அதில் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சாமானோடு விடும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தராது, காலி வீட்டுக்கு ஒரு மாதம்தான். வாடகைக்கு ஜாமீன் போட ஆள் கேட்பார்கள். அதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், விசால் என்ற இலவச உத்தரவாதத் திட்டம் மாணவர்களுக்கு இருக்கிறது. "ரூம் பிடித்துத் தருகிறேன், முதலில் ஐந்நூறு யூரோ அனுப்பு" என்று நல்ல தமிழில் பேசுகிறவரிடம் ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள். புதிதாக வருகிற பிள்ளையிடம் காசு பிடுங்குவதை என்னால் மன்னிக்கவே முடியாது.

ஆங்கிலத்தை வைத்து வகுப்பை ஓட்டிவிடலாம், ஊரில் வாழ முடியாது. கடைக்குள் நுழைந்ததும் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லுங்கள். இருபது வருடம் இங்கே இருந்தும் அதைச் சொல்லாமல் நேராகச் சாமான் விலை கேட்டுவிட்டு, "இந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைப் பிடிக்காது" என்று குறைபடும் ஆட்கள் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் லாச்சப்பலுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு இந்தப் பகுதி பாரிஸுக்கும் லண்டனுக்கும் நடுவில் ஜன்னல் வழியாகப் பார்க்கும் தட்டை வயல், அவ்வளவுதான். லில் 1667க்கு முன் ஸ்பெயினிடம் இருந்தது, பிரான்சின் பதினான்காம் லூயி முற்றுகை போட்டுப் பிடித்தது, அதனால்தான் பழைய நகரம் பெல்ஜியம் மாதிரி இருக்கிறது என்று சொன்னால் அப்படியா என்பார்கள். ரயிலும் பஸ்ஸும் ஏறி நொவ் ஷப்பெல் என்ற கிராமத்துக்குப் போய்வாருங்கள். 1915 மார்ச்சில் அங்கே நடந்த சண்டையில் இந்தியப் படைகள் முன்வரிசையில் நின்றன. முதல் உலகப் போரில் இந்தப் பக்கத்தில் இறந்து, கல்லறைகூட இல்லாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களை ஒரு வட்டச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். 1927இல் திறந்த நினைவிடம். நான் போன அன்று வேறு ஒருவருமே இல்லை. பஞ்சாபி, கர்வாலி, கூர்க்காப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தேன்.

எனக்கு பிரெஞ்சு கற்றுக்கொடுத்தது கூரேயில் மூன்றாவது வீட்டுப் பாட்டி. அவருடைய அப்பா 1920களில் போலந்திலிருந்து லான்ஸ் பக்கம் நிலக்கரி வெட்ட வந்தவர். பாட்டி வளர்ந்தது சுரங்கக் கம்பெனியின் லைன் வீட்டில், கல்யாணமாகி வந்தபின் ரூபே கம்பளி மில்லில் வேலை. 1906 மார்ச் 10 அன்று கூரியேர் சுரங்க வெடிப்பில் 1,099 பேர் இறந்ததை, தான் பிறப்பதற்கு முன்னே நடந்ததாக இருந்தும், போன வாரம் நடந்தது போலச் சொல்வார். சின்ன வயதில் ஒவ்வொரு மார்ச்சிலும் கேட்டு வளர்ந்த கதை. இந்தப் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1990இல் மூடியபோது அழுதாராம்.

என் வீட்டுப் பூசணத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாசேங்கைக் கையில் கொடுத்தார். தரை துடைக்கும் துணிக்கு இந்தப் பக்கத்து ஃப்ளெமிஷ் மொழி வழிப் பெயர் அது. எவ்வளவு குளிராக இருந்தாலும் தினமும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வை, காலையில் கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் துடை என்றார். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். அப்புறம் ஒரு பெரிய கிண்ணத்தில் கறுப்பாக ஒன்றை ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் எங்கள் வீட்டு அடுப்படி வாசனை. சிக்கரி! நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயரோடு வணிகம் நின்று காப்பிக்கொட்டை வராமல் போனபோது பரவிய பழக்கம், இந்த வட்டாரத்து வயல்களில் இன்றும் விளைகிறது. அதே இனச் செடியின் வேரை இருட்டில் முளைக்க வைத்தால் வரும் வெள்ளைக் குருத்தைத்தான் இங்கே ஷிகோன் என்று காய்கறியாகச் சமைக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு என் பித்தளை பில்டரை எடுத்துக்கொண்டு போய், அவர் சிக்கரியையே கலந்து டிகாஷன் இறக்கி, பாலும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தேன். பாட்டி இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அதற்கப்புறம் நான்கு வருடம், ஊரில் இருந்த ஞாயிறுகளில் எல்லாம் எனக்கு மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில்தான்.

பெட்டியில் பில்டரும் நல்ல பீபெரி காப்பிக்கொட்டையும் மட்டும் வையுங்கள். சிக்கரி இங்கே எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் உண்டு. வாங்கும்போது கரையும் பொடியை எடுக்காதீர்கள், வறுத்த குருணையாக இருக்கும் பாக்கெட்டைப் பார்த்து எடுங்கள்.