கடைசி டைவும் அப்பாவின் அறுபதாம் கல்யாணமும்

கேள்வி: பிப்ரவரியில் இந்தோனேசியாவின் ராஜா அம்பட் தீவுகளுக்கு 10 இரவு லைவ்அபோர்டு படகில் (அதிலேயே தங்கி ஸ்கூபா டைவிங் செய்வது) போகிறேன். டைவிங்கின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இருக்கிறது, இதுவரை 14 டைவ். கடைசி வெள்ளிக்கிழமை காலை 11 மணியோடு டைவிங் முடிந்துவிடும் என்கிறார்கள். ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் காற்றில் நைட்ரஜன் குறைவுதானே, அன்று சாயங்காலம் 4 மணிக்கு இன்னொரு டைவ் கேட்டு வாங்கலாமா? சனி காலை 7 மணிக்கு படகு வந்து சேரும் சோரோங் நகரில் விமானம். ஞாயிறு இரவு திருச்சி. திங்கள் காலை அப்பாவுக்குத் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி. ஏற்பாடெல்லாம் தம்பி பார்த்துக்கொள்கிறான், நான் நேராகப் போய்விடுவேன். நீரோட்டத்தில் பாறையில் மாட்டி நிற்கும் கொக்கியான ரீஃப் ஹூக் வாங்க வேண்டுமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ரீஃப் ஹூக் கிடக்கட்டும். ‘நான் நேராகப் போய்விடுவேன்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். விசேஷத்துக்கு நேராக வந்து இறங்குகிறவர்கள் விருந்தாளிகள். மூத்த மகன் முதல் நாளே அங்கே நிற்க வேண்டும். அறை போட்டாயிற்றா, கலசத்துக்குச் சொல்லியாயிற்றா, வயதான அத்தையைப் பேருந்து நிலையத்திலிருந்து யார் கூட்டி வருவது என்று அவர்தான் அலைய வேண்டும். கலச நீரைப் பெற்றோர் தலையில் ஊற்ற மட்டும் கை நீட்டுவது கடமையில் சேராது.

அந்த ஒரு வரியில் இருக்கும் அவசரம் உங்கள் உடம்புக்கும் ஆபத்து. நாலு மணிக்கு இறங்கினால் ஏறும்போது ஐந்து. மறுநாள் ஏழு மணி விமானத்துக்கு இடையில் இருப்பது 14 மணி நேரம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரமாவது பறக்கக் கூடாது என்பது டைவிங் மருத்துவத்தின் பரிந்துரை. 24 விடுவது நல்ல வழக்கம். பத்து நாளில் முப்பது டைவ் போட்டவர் உடம்பில் நைட்ரஜன் நன்றாகவே ஊறியிருக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறையலாம், அதாவது தொட்டபெட்டா உச்சிக்குக் கொஞ்சம் கீழே. கரைந்திருக்கும் நைட்ரஜன் அங்கேதான் குமிழியாகும். படகுக்காரர்கள் 11 மணி என்று சும்மா வைக்கவில்லை. அந்தக் கணக்கை உடைக்கத்தான் கேட்கிறீர்கள்.

நைட்ராக்ஸ் இதில் உதவாது. ஒரே ஆழம், ஒரே நேரம் என்றால் நைட்ரஜன் குறைவாக ஏறும் என்பது நிஜம். ஆனால் டைவ் கம்ப்யூட்டரில் ஆக்சிஜன் 32 சதவீதம் என்று போட்டதும் அது கூடுதல் நேரம் அடியில் இருக்க அனுமதிக்கும், நீங்களும் இருப்பீர்கள், மிச்சமானது அங்கேயே செலவாகிவிடும். பறப்பதற்கு முன் காத்திருக்கும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

இன்னொன்று. வெள்ளி ராத்திரி தோளில் வலி, விரல்களில் மதமதப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? ‘டாங்க் தூக்கியதால் வந்த வலி’ என்று சொல்லிக்கொண்டு விமானம் ஏறுவீர்கள், திங்கள் காலை முகூர்த்தம் இருப்பதால். அந்த நைட்ரஜன் குமிழிகளால் வரும் டிகம்ப்ரெஷன் நோயில் முதலில் வருவது பெரும்பாலும் இந்த மறுப்புதான். செய்ய வேண்டியது நேர்மாறு: உடனே டைவ் கைடிடம் சொல்வது, 100 சதவீத ஆக்சிஜன், பிறகு அழுத்த அறைச் சிகிச்சை. அதற்குப் பின் மூன்று நாளாவது விமானம் கிடையாது. அப்போது திருக்கடையூரில் உங்கள் அம்மா சடங்கைப் பார்ப்பாரா, போனைப் பார்ப்பாரா?

ஒன்றும் ஆகாவிட்டாலும் சோரோங்–ஜகார்த்தா, ஜகார்த்தா–கோலாலம்பூர், கோலாலம்பூர்–திருச்சி என்று மூன்று விமானம், அப்புறம் நாலு மணி நேரம் கார். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு அடுத்த கம்பெனி பொறுப்பேற்காது. ராஜா அம்பட்டின் தெற்கிலுள்ள மிசூல் தீவுப் பக்கமிருந்து சோரோங் திரும்பப் படகு ஓர் இரவு ஓட வேண்டும். காற்று கிளம்பினால் அதுவும் தாமதமாகும்.

அப்பாவின் மாசமும் நட்சத்திரமும் தள்ளிப் போகாது. ராஜா அம்பட்டின் சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை. நகர வேண்டியது படகு. விசேஷம் முடிந்து சாவகாசமாகக் கிளம்புங்கள், படகு புறப்படுவதற்கு முதல் நாளே சோரோங்கில் இருங்கள். திரும்பும்போதும் அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.

கிடைக்கும் இடைவெளியில் செய்ய வேண்டியது நிறைய. ஓப்பன் வாட்டர் உங்களை 18 மீட்டரோடு நிறுத்துகிறது. ராஜா அம்பட்டின் டாம்பியர் ஜலசந்தியிலோ பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் நீர் பிதுங்கி ஓடுகிறது. அங்குள்ள கேப் கிரி என்ற இடத்தில் ஒரே டைவில் 374 வகை மீன் எண்ணப்பட்டதும் அந்த நீரோட்டம் கொண்டுவரும் உணவால்தான். 14 டைவோடு அங்கே இறங்கினால் மீனைப் பார்க்க மாட்டீர்கள், காற்று மீட்டரைத்தான் பார்ப்பீர்கள். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சியை முடித்துவிடுங்கள், அந்தமானில் இன்னும் முப்பது டைவாவது போடுங்கள். ஹூக்குக்கு முன் சொந்த டைவ் கம்ப்யூட்டர், விசில், ஊதி மேலே விடும் ஆரஞ்சு நிற மார்க்கர் ட்யூப் மூன்றும் வாங்குங்கள். நீரோட்டம் அடித்துப் போனால் படகுக்கு உங்களைக் காட்டுவது அந்த ட்யூப்தான். அதை ஐந்து மீட்டரில் மிதந்தபடி விடப் பழகுங்கள். ஹூக்கை அதன்பிறகு, கைடு காட்டும் உயிரில்லாத பாறையில் மட்டும் மாட்டுங்கள்.

ராஜா அம்பட் இருக்கும் பப்புவா பக்கம் மலேரியா உண்டு. மருத்துவரிடம் டைவிங் போகிறேன் என்று சொல்லியே மாத்திரை கேளுங்கள். மெஃப்ளோகுயின் வேண்டாம், அது தரும் தலைச்சுற்றலை டிகம்ப்ரெஷன் நோயிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங்குக்கு எத்தனை மீட்டர் வரை பணம் தருவார்கள் என்று பாலிசியிலேயே படித்துப் பாருங்கள். டைவிங்குக்கென்று தனிக் காப்பீடு எடுப்பதே நல்லது.

தேதி மாற்ற முடியுமா, முன்பணம் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று இன்றைக்கே படகுக்காரர்களுக்கு எழுதுங்கள். புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். அப்படியே தம்பிக்கும் ஒரு போன் போட்டு, மண்டபத்துக்கும் சமையலுக்கும் யார் முன்பணம் கொடுத்தது என்று கேளுங்கள்.