ஓட்டம் ரத்தத்தில் இருக்கிறதா?

கேள்வி: ஒலிம்பிக் ஓட்டப்பந்தயம் எதைப் பார்த்தாலும் கறுப்பினத்தவர்தான் முன்னால் வருகிறார்கள். அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது. நம் உடம்பு வாகு அதற்கில்லை. செஸ், கணக்கு, கம்ப்யூட்டர் என்று மூளை வேலைதான் நமக்குச் சரி. பத்தாவது படிக்கிற என் மகளை 400 மீட்டர் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி அவளுடைய பி.டி. டீச்சர் விடாமல் கேட்கிறார். பிள்ளைக்கு வீண் ஆசை காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: சரியில்லை. டீச்சர் சொல்வதுதான் சரி.

உங்கள் கணக்குப்படி ஜமைக்காவும் கென்யாவும் ஒரே ரத்தம். குறுகிய ஓட்டத்தில் கொடிகட்டிப் பறக்கிற ஜமைக்கா, ஒலிம்பிக் மாரத்தானில் ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. மாரத்தானில் அசத்துகிற கென்யாவுக்கு ஒலிம்பிக் 100 மீட்டரில் பதக்கமே கிடையாது. இருபது கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நைஜீரியாவுக்கு 100 மீட்டர் தங்கம் இன்னும் வரவில்லை. இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத செயின்ட் லூசியா தீவின் ஜூலியன் ஆல்ஃபிரட், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டர் தங்கத்தைத் தட்டிச் சென்றார். தோல் நிறம் காரணம் என்றால் இதெல்லாம் எங்கே பொருந்துகிறது?

ஜமைக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான தடகளப் போட்டி 1910-ல் தொடங்கியது. 'சாம்ப்ஸ்' என்றால் அங்கே திருவிழா. ஸ்டேடியம் கொள்ளாத கூட்டம் வரும். கென்யாவின் ஓட்டக்காரர்கள் கூடிப் பயிற்சி எடுக்கும் இட்டென் ஊர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கொடைக்கானலைவிட உயரம். காற்றில் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் சின்ன வயதிலிருந்து ஓடிப் பழகுகிறார்கள். ஓடி ஜெயித்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு.

உடம்பு வாகு முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிறவியிலேயே வித்தியாசம் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்குள்ளேயே உண்டு. 'வேக ஜீன்' என்று பத்திரிகைகள் கொண்டாடும் ஏசிடிஎன்3-ன் வேகத்துக்கு உதவும் வடிவம் உலகில் பெரும்பாலானவர்களிடம் இருக்கிறது. உங்கள் மகளிடமும் இருக்கலாம். ஆனால் ஒருவரின் இனப்பெயரைக் கேட்டு அவர் எவ்வளவு வேகமாக ஓடுவார் என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ஆசியர்களுக்கு 100 மீட்டர் வராது என்று அடித்துச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். 2021 டோக்கியோ அரையிறுதியில் சீனாவின் சூ பிங்டியான் 9.83 விநாடியில் ஓடினார். அப்போது அவருக்கு வயது 31.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றார். கறுப்பர்களுக்குக் குதிகால் எலும்பே வேறு மாதிரி, கெண்டைக்கால் தசையே வேறு மாதிரி, அதனால்தான் ஜெயிக்கிறார்கள் என்று பலர் பேசினார்கள். மாண்டேக் காப் என்ற கறுப்பின உடற்கூறு அறிஞர் ஓவன்ஸின் காலையே அளந்து பார்த்தார். சொல்லப்பட்ட அடையாளங்கள் ஓவன்ஸிடம் இல்லை என்று அதே ஆண்டில் எழுதினார். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நம் நாட்டு அரசே இந்த நம்பிக்கையில் இறங்கிப் பார்த்திருக்கிறது. குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழும் சித்தி மக்களின் முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்கள். ஆப்பிரிக்க ரத்தம் பதக்கம் கொண்டுவரும் என்று 1987-ல் இந்திய விளையாட்டு ஆணையம் சித்திப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. கமலா சித்தி போன்றவர்கள் நன்றாக வந்தார்கள். ஆனால் 1993-ல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ரத்தத்தை நம்பியவர்களுக்குப் பத்து வருடம் பொறுக்க மனமில்லை. எந்த ஊர்ப் பிள்ளைக்கும் ஒலிம்பிக் தரத்துக்கு வர அவ்வளவு காலமாவது வேண்டும்.

சரி, 'மூளை வேலை நமக்கு' என்கிறீர்களே, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. உடம்பு அவர்களுக்கு என்று புகழ்கிற வாய், அடுத்த மூச்சில் மூளை அவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறது. 1987-ல் அமெரிக்க பேஸ்பால் நிர்வாகி அல் கம்பானிஸ், அணியை நிர்வகிக்கத் தேவையான தகுதி கறுப்பர்களுக்கு இல்லாமல் இருக்கலாம் என்று தொலைக்காட்சியிலேயே பேசி வேலையை இழந்தார். கறுப்பர்கள் நல்ல நீச்சல்காரர்கள் இல்லை, உடம்பு மிதக்காது என்றும் அதே பேட்டியில் சொன்னார். பிறப்பை வைத்து ஒரு கூட்டத்துக்கே குணம் எழுதிவைப்பது என்ன செய்யும் என்று மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு வெளியூர்க்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறவிக் குற்றவாளிகள் என்று வெள்ளைக்கார அரசு ஒரு சமூகத்தையே ரேகைச் சட்டம் என்ற குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அடைத்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். உங்கள் ஊரிலிருந்து அது ரொம்ப தூரம் இல்லை.

உங்கள் மகள் ஓட ஆசைப்படும் அதே 400 மீட்டருக்கு வருகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் மூவர் தமிழ்நாடு: ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன், நம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி. ரேவதி சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டியின் கையில் வளர்ந்தவர். ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் அவருடைய ஓட்டத்தைக் கவனித்து, பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். அந்த அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை, உண்மைதான். ஆனால் உங்களைப் போல பாட்டியும் மறுத்திருந்தால் அந்தப் பெண் மைதானத்துக்கே வந்திருக்க மாட்டார்.

செலவு, ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போய்வர பஸ், பத்தாம் வகுப்புப் பரீட்சை, இருட்டிய பின் தனியாகத் திரும்புவது என்று நீங்கள் கேட்டிருந்தால் நியாயமான கவலை என்று உட்கார்ந்து பேசியிருப்பேன். அதையெல்லாம் டீச்சரிடம் கேளுங்கள், வழி சொல்வார். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.