பழைய பியட்டை கரண்ட்டுக்கு மாத்துறது: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

மதுரை கே.புதூர்ல லேத் பட்டறை வச்சிருக்கேன். அப்பாவோட பிரீமியர் பத்மினியை (அதான் நம்ம பழைய பியட்) கரண்ட் மோட்டாருக்கு மாத்துனதுல இருந்து ஆளாளுக்குக் கேக்குறீங்க, அதான் இன்னைக்கு மொத்தமா. ஒண்ணு சொல்லிடுறேன், ஆர்சில அது இன்னும் பெட்ரோல் வண்டிதான், அதனால தெரிஞ்சவர் மில் காம்பவுண்டுக்குள்ள மட்டும்தான் ஓட்டுறேன்.

அண்ணே, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்? நான் தினம் மேலூர் போய்ட்டு வரணும்.

தம்பி, யாரு சொல்றதையும் நம்பாம கணக்கு போடுங்க. இந்த சைஸ் வண்டி நிதானமா போனா கிலோமீட்டருக்கு 120 வாட்-அவர் தின்னும், அதாவது 100 கிலோமீட்டருக்கு 12 யூனிட். 15 யூனிட் எல்எஃப்பி (லித்தியம் வகை) பேட்டரி போட்டு அதுல 80 சதவீதம் எடுத்தா அதே 12 யூனிட். மேலூர் போக வர 60, தாராளம். வீட்டு 15 ஆம்பியர் பிளக்குல 3 கிலோவாட் சார்ஜர் போட்டா ராத்திரி அஞ்சாறு மணி நேரத்துல ஃபுல். ஆனா ரோட்டுல எடுக்குறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க, கீழ சொல்றேன்.

கொடைக்கானல் ஏறுமா?

ஏறும், ஆனா அந்த 15 யூனிட்டை நம்பிப் போகாதீங்க. நம்ம ஊர்ல இருந்து கொடைக்கு ஏறத்தாழ 2000 மீட்டர் உசரம். வண்டியும் நாலு ஆளும் சேர்த்து 1200 கிலோன்னா, தூரத்தை விடுங்க, உசரத்துக்கு மட்டுமே ஆறரை யூனிட் போயிரும். வத்தலகுண்டுல சார்ஜ் போட்டே ஆகணும். அதைவிட, மோட்டார் வாங்கும்போது "பீக் 30 கிலோவாட்"ன்னு காட்டுவாய்ங்க, அது சில நொடிக் கணக்கு, மலை ஏறுறது மணிக்கணக்கு. கண்டின்யுவஸ், அதாவது விடாம ஓடும்போது எவ்வளவுன்னு கேளுங்க.

பின்னாடி சக்கரத்துல டைனமோ வச்சா ஓட ஓட சார்ஜ் ஆகாதா?

ஆகாது. டைனமோவைச் சுத்துறதும் அதே பேட்டரி கரண்ட்தான். வாய்க்கால்ல மோந்து அதே வாய்க்கால்ல ஊத்துற கதை, வழில சிந்துறதுதான் மிச்சம். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்துலயும் மோட்டாரே கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், அம்புட்டுதான்.

ஆட்டோ லெட் ஆசிட் பேட்டரி சீப்பா கிடைக்குதே?

15 யூனிட்டுக்கு அது அரை டன் வரும். டிக்கி தரையைத் தொடும். எல்எஃப்பி பெட்டியோட சேர்த்தே 130 கிலோ பக்கம்தான்.

கிளட்ச்சைக் கழட்டிரலாமா?

கழட்டிரலாம். மோட்டார் நின்ன இடத்துலயே ஃபுல் டார்க் (சுத்துற விசை) கொடுக்கும், ஐடில் கிடையாது, நான் மூணாவது கியர்லயே கிளம்புறேன். மோட்டாரை கியர்பாக்ஸோட சேர்க்குற அடாப்டர் பிளேட்டும் கப்ளரும் மட்டும் நல்ல லேத்துல கடைங்க. சுத்தும்போது ஆட்டம் டயல் கேஜ்ல 0.05 மி.மீ. தாண்டுனா கியர்பாக்ஸ் பேரிங் அழும்.

(ஒரு பெரியவர்) நாப்பது வருசமா பியட் பாக்குறேன்பா. கிளட்ச் இல்லாம கியர் மாத்துனா உள்ள என்னாகும்னு தெரியுமா?

மாமா, மாத்துறதே இல்லைங்குறேன்.

மேட்டுல மாத்தாம என்ன பண்ணுவ? பின் ஆக்சில்ல இருக்குற கிரவுன் பினியன் தாங்குமா? அது பெட்ரோல் இன்ஜினுக்குச் செஞ்ச பல்லு.

அதுக்குத்தான் கண்ட்ரோலர்ல டார்க்கைக் குறைச்சு வைக்கிறது. பத்மினி இன்ஜின் 70 நியூட்டன் மீட்டர் சொச்சம்தான் கொடுத்துச்சு, நானும் அதுக்கு மேல விடல.

கியர் சேரும்போது வேகத்தைச் சமமாக்குற சிங்க்ரோ ரிங்?

சரி மாமா, ஒத்துக்கிறேன். இன்ஜின்னா கிளட்ச்சை மிதிச்சதும் விலகிக்கும், இங்க மோட்டார் ரோட்டரோட கனத்தையும் அந்தச் சின்ன ரிங்தான் பிடிச்சு நிறுத்தணும். எனக்கு ரெண்டாவது கியர் ரிங் போயிருச்சு, சேர்த்தவுடனே கரகரன்னு. அப்ப மத்தவங்களுக்கு: சமவெளில மட்டும் ஓட்டுறவன் கழட்டட்டும், மலைக்குப் போறவன் கிளட்ச்சை வச்சுக்கட்டும். பெரியவர் சொன்னது சரி. (இதைச் சொல்ல வைக்கத்தான் வந்தாரு.)

பேப்பர் வேலை கஷ்டமா சார்?

இதைத்தான் முதல்ல கேக்கணும். ஏஐஎஸ்-123ன்னு மாத்துற கிட்டுக்குன்னே இருக்குற தரவிதிப்படி, ஏஆர்ஏஐ மாதிரி வண்டி சோதனை நிலையத்துல அப்ரூவல் வாங்குன கிட்டா இருக்கணும், அந்த அப்ரூவல் உங்க மாடலுக்கும் செல்லணும், அப்புறம் ஆர்டிஓ ஆபிஸ்ல ஆர்சில எரிபொருளை மாத்தணும். மாத்தாம ரோட்டுல போய் இடிச்சா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுருவான். 50 வருசம் தாண்டுன வண்டிக்கு விஏ (விண்டேஜ்) நம்பர் ஆசை இருந்தா மோட்டார் ஆசையை விட்ருங்க, அதுக்கு ஒரிஜினல் நிலையில இருக்கணும்.

பேட்டரி லைனுக்கு வீட்டு எம்சிபி போட்டா போதாதா?

போதாது, போதாது. ஏசி கரண்ட் செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால பொறி தானா அணையும். 100 வோல்ட் டிசி அணையாது, சுவிட்சை உருக்கிட்டு எரியும். டிசிக்குன்னு ரேட்டிங் போட்ட ஃப்யூஸ், கான்டாக்டர் (பெரிய ரிலே சுவிட்ச்) போடுங்க, அதுவும் பேட்டரி பக்கத்துலயே. பெரிய பேட்டரி நெகடிவ்வை பாடியில சேர்க்காதீங்க, 12 வோல்ட் மட்டும்தான் பாடிக்கு.

மாருதி 800?

கனம் கம்மி, நல்ல வண்டி. ஆனா முன்சக்கர டிரைவ், பானெட்ல இடம் நெருக்கம். பிரேக் பூஸ்டர் உள்ள மாடல்னா அதுக்கு உதவுற இன்ஜின் வேக்கம் (உறிஞ்சு விசை) போயிரும், கரண்ட் வேக்கம் பம்ப் வைக்காம நகத்தாதீங்க.

ஆக்டிவா மாத்தலாமா?

ஸ்கூட்டர் நான் பாக்குறதில்ல.

நல்லா ஓடுற பத்மினி இருக்குண்ணே, மாத்தவா?

நல்லா ஓடுதுல்ல? ஓட்டுங்க தங்கச்சி. எனக்கு இன்ஜின் பிளாக் வெடிச்சதாலதான் மாத்துனேன்.

அண்ணே, முன்சக்கரத்துல ஆல்டர்னேட்டர் வச்சா...

முன்சக்கரமோ பின்சக்கரமோ அதே வாய்க்கால்தான்யா. டிசி ஃப்யூஸை மறக்காதீங்க. பட்டறைல கரண்ட் வந்துருச்சு, நான் போறேன்.