அப்பா காலையில் நடக்கப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் பக்கம் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். அடுத்த மாதம் தென்காசியிலிருந்து அப்பா வருகிறார். விடிந்ததும் வேட்டியைக் கட்டிக்கொண்டு நான்கு மைல் நடக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. ஆங்கிலம் வராது. உள்ளூர்ப் போலீசாரே குடியேற்றக் காகிதம் கேட்கிறார்கள் என்று செய்தி வருவதால் எனக்குப் பயமாக இருக்கிறது. "அதெல்லாம் எல்லை தாண்டி வந்த மெக்சிகோக்காரர்களுக்கு. நம்மிடம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார் கணவர். பக்கத்து வீட்டு மெக்சிகோக் குடும்பத்தோடு பழக்கத்தைக் குறைத்துக்கொள் என்றும் சொல்கிறார். அப்பாவைத் தனியே வெளியே விடலாமா?
– பெயர் வேண்டாம், அரிசோனா

பதில்: அன்புச் சகோதரிக்கு, விடலாம். ஆனால் உங்கள் பயம் வீண் பயமல்ல. உங்கள் கணவர் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது. காகிதம் சரியாக இருப்பது, போலீஸ்காரர் நிறுத்திக் கேட்ட பிறகுதான் கைகொடுக்கும். யாரை நிறுத்துவது என்று அவர் முடிவெடுக்கும்போது அவர் கண்ணில் படுவது தோலின் நிறமும் முகமும் உடையும்தான்.

உங்கள் பக்கத்து ஊர் சாண்ட்லரில் 1997 ஜூலையில் நடந்ததைக் கணவரிடம் சொல்லுங்கள். நகரப் போலீசாரும் எல்லைக் காவல் படையினரும் சேர்ந்து ஐந்து நாள் தெருத்தெருவாகச் சோதனை போட்டார்கள். பிடிபட்டு நாடுகடத்தப்பட்டவர்கள் 432 பேர். நிறுத்தி விசாரிக்கப்பட்டவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருந்தார்கள். வழக்குப் போட்ட பிறகு, 1999-இல் நகராட்சி 4 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

பத்து வருடம் கழித்து அதே கதை, பீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) பெரிதாக நடந்தது. குடியேற்றச் சட்டத்தின் 287(ஜி) பிரிவு, மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் உள்ளூர்ப் போலீசுக்குக் குடியேற்ற அதிகாரிகளின் வேலையில் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. கவுண்டிப் போலீசின் தலைவரான ஷெரிஃப் ஜோ அர்பையோவின் ஆட்கள் 2007-இல் அந்த அதிகாரத்தோடு தெருவில் இறங்கினார்கள். அவர்கள் நிறுத்திய ஒரு காரில் மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி உட்கார்ந்திருந்தார். ஓட்டியவர்கூட இல்லை. செல்லுபடியாகும் விசா கையில் இருந்தும் அவரை மணிக்கணக்கில் பிடித்துவைத்தார்கள். அந்த வழக்கில்தான் நீதிபதி முர்ரே ஸ்னோ, இனத்தைப் பார்த்து ஆட்களை நிறுத்தியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2013-இல் தீர்ப்பளித்தார். நீதிமன்றத் தடையை மீறியதற்காக 2017-இல் அர்பையோ குற்றவாளி என்று முடிவானது. தண்டனை அறிவிக்கப்படும் முன்பே அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கிவிட்டார். அந்தப் பயணியின் காகிதமும் உங்கள் கணவருடையதைப் போலச் சரியாகத்தான் இருந்தது.

இப்போதைய நிலைமை இது. 2010-இல் அரிசோனா கொண்டுவந்த எஸ்.பி. 1070 என்ற குடியேற்றச் சட்டத்தில் வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை 2012-இல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டவர்மீது நியாயமான சந்தேகம் எழுந்தால் குடியேற்ற நிலையை விசாரிக்க முயல வேண்டும் என்ற பிரிவு மட்டும் தப்பியது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: செல்லுபடியாகும் அரிசோனா ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால், சட்டப்படி இருப்பவர் என்றே கொள்ள வேண்டும். உங்களுக்கும் கணவருக்கும் அது கவசம். அப்பாவிடம் அது இருக்காது. உள்ளூர்ப் போலீசார் தெருவிலேயே குடியேற்ற நிலையை விசாரிக்கும் 287(ஜி) முறை 2012-இல் கைவிடப்பட்டது; அது 2025-இல் திரும்பவும் உயிர்பெற்றிருக்கிறது. அதே வருடம் செப்டம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் தோற்றம், மொழி போன்றவற்றை மட்டும் வைத்து மத்திய அதிகாரிகள் ஆட்களை நிறுத்தக் கூடாது என்ற கீழ் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உங்கள் பயம் நியாயமானது என்று அதனால்தான் சொல்கிறேன்.

எனக்கு மனதை விட்டுப் போகாத காட்சி ஒன்று உண்டு. அது குடியேற்றச் சோதனைகூட அல்ல. 2015 பிப்ரவரி, அலபாமாவில் மேடிசன் என்ற ஊர். பேரனைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்த 57 வயதுக்காரர், மகன் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். யாரோ ஒரு கறுப்பு மனிதர் சுற்றித் திரிகிறார் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். வந்தவர்களிடம் அவரால் சொல்ல முடிந்தது "நோ இங்கிலீஷ்", "இந்தியா", பிறகு வீட்டு எண். ஒரு காவலர் அவரைத் தரையில் குப்புறத் தள்ளினார். கழுத்தில் அடிபட்டு உடல் ஓரளவு செயலிழந்தது. இரண்டு விசாரணைகளிலும் ஜூரிகளால் முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் நீதிபதி அந்தக் காவலரை விடுவித்துவிட்டார். அந்தப் பெரியவரும் காலையில் நடக்கத்தான் போயிருந்தார், அம்மா.

ஆகவே அப்பா வந்த அன்றே அவருடைய ஐ-94 என்ற வருகைப் பதிவை இணையத்தில் எடுத்து அச்சிடுங்கள். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். ஐ-94 அதற்குப் போதும். அதோடு பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் நகல். ஒரு சின்ன அட்டையில் "எனக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் பேசுவேன்" என்று ஆங்கிலத்தில் எழுதி, வீட்டு முகவரியையும் உங்கள் எண்ணையும் சேருங்கள். எல்லாவற்றையும் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். மடியில் செருகக் கூடாது. நம் பெரியவர்களுக்குக் காகிதம் என்றாலே கை இடுப்புக்குப் போகும். அங்கே போலீஸ்காரர் முன் இடுப்புப் பக்கம் கை போகவே கூடாது. கூப்பிட்டால் ஓடாமல், திரும்பி நடக்காமல், கைகள் தெரிய நிற்க வேண்டும். வீட்டில் இரண்டு தடவை நடித்துக் காட்டுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

நீங்கள் இருவரும் ஒன்றை மறக்காதீர்கள்: பேச்சுவாக்கில்கூட "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று வாயில் வந்துவிடக் கூடாது. அந்தப் பொய் வாழ்நாள் முழுக்க விசாவை அடைத்துவிடும். பெயரைக் கேட்டால் சொல்லுங்கள். மற்ற கேள்விகளுக்கு, வழக்கறிஞரோடு பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழக்கத்தைக் குறைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சாண்ட்லரிலும் மாரிகோபாவிலும் ஷெரிஃபையும் நகராட்சியையும் நீதிமன்றத்துக்கு இழுத்தவர்கள் அவர்கள் இனத்து மக்கள். அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்று நீங்களும் கார் ஓட்டுகிறீர்கள். போலீசைக் கண்டு நடுங்கும் குடும்பம், வீடு புகுந்து திருடினாலும் போன் செய்யத் தயங்கும். அது உங்கள் தெருவுக்கும் நல்லதல்ல.

முதல் வாரம் அப்பாவோடு நீங்களும் நடங்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் நின்று, இவர் என் அப்பா, தினமும் காலையில் இந்த வழியாக நடப்பார் என்று சொல்லிவிடுங்கள். அலபாமாவில் அந்தப் போன் போனது, போன் செய்தவருக்கு அவர் யாரென்று தெரியாததால். முதலில் அந்த மெக்சிகோக் குடும்பத்தின் கதவைத் தட்டுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.