மானுக்கு எந்தக் குண்டு? வாசகர் கேள்விகளும் பழைய பட்டறைக்காரரின் பதில்களும்

ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்த்ததையும், அப்புறம் கோவையில் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்ததையும் போன இதழில் நான்கு வரி எழுதிவிட்டேன். அதிலிருந்து வருவதெல்லாம் துப்பாக்கிக் கேள்விகள்தான். கிணற்று மோட்டார் கேட்டு எழுதியவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு அடுத்த இதழில் பதில் உண்டு.

சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். டெக்சாஸில் விசாவில் வந்து வேலை செய்கிறேன். அலுவலக நண்பர் நவம்பரில் வெள்ளைவால் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். அவருடைய .308 ரைஃபிளில் ‘மேட்ச்’ தோட்டா போட்டால் 100 கெஜத்தில் மூன்று குண்டும் ஓர் அங்குலத்துக்குள் விழுகின்றன. வேட்டைத் தோட்டா போட்டால் ஒன்றே முக்கால் அங்குலம் பரவுகிறது. மேட்ச் தோட்டாவையே கொண்டு போகலாமா ஐயா? (வாசகர், டெக்சாஸ்)

வேண்டாம் தம்பி. அது காகிதத்தில் ஓட்டை போடச் செய்த குண்டு. அதன் மூக்கில் ஒரு சின்னத் துளை தெரியும், பார்த்திருப்பீர்கள். விரியட்டும் என்று வைத்த துளை இல்லை அது. ஈயத்தைப் போர்த்துகிற செம்பு உறையை அடியிலிருந்து மேலே இழுத்து மூடும்போது நுனியில் மிஞ்சுகிற வாய். அடிப்பாகம் கச்சிதமாக அமைவதால் நேராகப் பறக்கிறது, அவ்வளவுதான். மானுக்குள் போனால் என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு மானில் பென்சில் கனத்துக்கு ஓட்டை போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடும், இன்னொன்றில் விலாவிலேயே பொடிப்பொடியாகிவிடும். சியர்ரா கம்பெனி தன்னுடைய மேட்ச்கிங் குண்டை வேட்டைக்குப் பரிந்துரைப்பதே இல்லை. செய்தவனே வேண்டாம் என்கிறபோது நாம் ஏன் அடம் பிடிக்க வேண்டும்?

ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு ஏன் இவ்வளவு கவலை? மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஏறக்குறைய 8 அங்குல விட்டம். 100 கெஜத்தில் ஒன்றே முக்கால் என்றால் 200 கெஜத்தில் மூன்றரை. நடுவிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. மிச்ச இடம் உங்கள் மூச்சு வாங்கலுக்கும் மான் ஓர் எட்டு எடுத்து வைப்பதற்கும் இருக்கட்டும். முக்கால் அங்குலம் குறைக்கிறேன் என்று விரியாத குண்டை வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அட்டையைப் படம் பிடித்து எல்லோருக்கும் காட்டுவார்கள். மானைத் தேடிப் புதருக்குள் அலைந்த கதையைச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மானைத் தொடும்போது குண்டின் வேகம் என்ன, அந்த வேகத்தில் அது விரியுமா? .308இல் 150 கிரெய்ன் (9.7 கிராம்) குண்டு குழல்வாய் தாண்டும்போது நொடிக்குச் சுமார் 2,800 அடி. 300 கெஜத்தில் 1,900 அடிக்கு இறங்கிவிடும். மூக்கில் ஈயம் தெரிகிற சாதா வேட்டைக் குண்டு விரிய ஏறக்குறைய 1,800 அடி வேண்டும். ஆக 300 கெஜம் என்பது விளிம்பு. புதிதாகப் போகிறவர் 150 கெஜத்தோடு நின்றுகொள்வது நல்லது.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. மருந்து கூடுதலாக அடைத்த பெரிய மேக்னம் தோட்டாவை 40 கெஜத்தில் சுட்டால் வேகம் தாங்காமல் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் பிய்ந்துபோகும். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவருக்கு இந்தச் சங்கடம்தான். நம்ம சங்ககிரி, நாமக்கல் ஆட்கள் மாதிரி லாரித் தொழில் செய்தவர். சேறு காய்ந்து அப்பிய ஒரு மூஸ் மானைச் சுட்டிருக்கிறார். குண்டு தோளிலேயே உடைந்து உள்ளே போகவில்லை. ஊருக்குத் திரும்பி, உறையின் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்துக் குண்டு செய்தார். முன்னறை ஈயம் விரியும், பின்னறை ஈயம் அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றும் விற்கிறது. ஆனால் உங்கள் .308க்கும் வெள்ளைவால் மானுக்கும் அந்த விலை தேவையில்லை. கோர்-லாக்ட், பவர்-பாயின்ட் மாதிரி சாதாரண வேட்டைத் தோட்டா போதும். மனசு கேட்கவில்லை என்றால் உறையும் ஈயமும் ஒட்டியே இருக்கும்படி செய்த ஃபியூஷன் வாங்குங்கள்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் மான் உரித்தார், கூட நின்று பார்த்தேன். வலது விலா வழியாகப் போன குண்டு இடது பக்கத் தோலுக்கடியில் கட்டியாகத் தட்டுப்பட்டது. கத்தி முனையால் கிளறி எடுத்துக் கொடுத்தார். முன்பாதி காளான் குடைபோல மலர்ந்து மடங்கியிருந்தது, பின்பாதியில் குழலின் மரைக்கோடுகள் அப்படியே சாய்வாகத் தெரிந்தன. மகள் காப்பித்தூள் நிறுக்கிற தராசில் வைத்தேன், 6.8 கிராம். புதுக் குண்டாக இருந்தபோது 150 கிரெய்ன், அதாவது 9.7 கிராம். எழுபது சதவீதம் மிஞ்சியிருக்கிறது. இரண்டு நுரையீரலையும் தாண்டி அந்தத் தோல் வரைக்கும் வந்த குண்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது செய்ய வேண்டியது. வேட்டைத் தோட்டாவில் இரண்டு மூன்று கம்பெனிப் பெட்டி ஒவ்வொன்று வாங்குங்கள். ஒரே கனம், ஒரே விலை இருந்தாலும் ஒரு குழலுக்கு ஒன்று பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. ஏன் என்று கேட்டால் குழலின் அதிர்வு, மரையின் சுற்று என்று காரணம் சொல்லலாம். சுட்டுப் பார்ப்பதுதான் சீக்கிரம் ஆகும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குழலில் படிந்த செம்பைத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று வெடி போட்டபின் கணக்கு எடுங்கள். மூன்று சுட்டதும் குழல் ஆறட்டும். அப்புறம் முக்கியமானது: ஆறிய குழலிலிருந்து போகிற முதல் குண்டு எங்கே விழுகிறது என்று தனியாகக் குறித்து வையுங்கள். மானுக்குப் போவது அந்த முதல் குண்டுதான். பிடித்த வகை தெரிந்ததும் அதே லாட் எண்ணில், அதாவது ஒரே தடவையில் தயாரானதில், இன்னும் இரண்டு பெட்டி வாங்கிவிடுங்கள்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலை ஒட்டிப் பின்னால், வயிற்று ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். சரியாகப் பட்டாலும் ஐம்பது, நூறு கெஜம் ஓடத்தான் செய்யும். உடனே பின்னால் ஓடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பருடைய துப்பாக்கிதானே என்று இருக்காதீர்கள். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாடமும் முடித்திருக்க வேண்டும். சுடும் மைதானத்துக்கு மறுபடி போகும் முன் இரண்டையும் முடித்துக்கொள்ளுங்கள்.

விரியும் குண்டை உலக நாடுகள் தடை செய்துவிட்டதாகப் படித்தேன். அதை எப்படிக் கடையில் விற்கிறார்கள்? (கல்லூரி மாணவர், கோபி)

நல்ல கேள்வி கண்ணு. இதில் நம் நாட்டுக்குப் பங்கு உண்டு. 1890களில் பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 குண்டு முழு உறை போட்டு வந்தது, ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதச்சாலையில் உறையின் நுனியை விட்டுவிட்டு ஈயம் வெளியே தெரிகிற மாதிரி செய்தார்கள். டம்டம் குண்டு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1899இல் ஹேக் மாநாட்டில் பல நாடுகள் தங்களுக்குள் நடக்கும் போரில் இதைப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தன.

அது போருக்கு மட்டும். வேட்டையில் விதி தலைகீழ். அமெரிக்காவின் பல மாநிலங்களில் முழு உறைக் குண்டால் மானைச் சுடுவதுதான் குற்றம். துளைத்துக்கொண்டு போன குண்டு மானை உடனே சாய்க்காது. அது எங்கோ போய் நாள் கணக்கில் கிடந்து சாகும். போரில் ஆளை வீழ்த்தினால் போதும் என்ற நியாயம், வேட்டையில் சீக்கிரம் உயிர் போக வேண்டும் என்ற நியாயம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மலையடிவாரத்தில் ராகி போட்டிருக்கிறோம். புள்ளிமான் கூட்டமாக இறங்குகிறது. நாட்டுத் துப்பாக்கிக்கு எந்த மாதிரி ரவை போட்டால் சரியாக இருக்கும்? (பெயர் வேண்டாம், சத்தியமங்கலம் பக்கம்)

பெயர் வேண்டாம் என்றபோதே உங்களுக்கு பதில் தெரிந்திருக்கிறது. 1972ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை கிடையாது, விளைச்சலைத் தின்றாலும் நீங்களாகச் சுட முடியாது. 2013இலிருந்து சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அதற்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம், கூடினால் 7 வருஷம் சிறை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு மனு கொடுங்கள். போட்டோவும் சிட்டா நகலும் சேர்த்துக் கொடுங்கள். ரவை பற்றி நான் எழுத மாட்டேன்.

கலிபோர்னியாவில் இருக்கிறோம். வீட்டுக்காரர் சிநேகிதர் வருஷா வருஷம் மான் கறி கொடுக்கிறார். குழந்தைகளுக்குக் குழம்பு வைக்கலாமா? ஈயம் கலந்திருக்கும் என்கிறார்களே? (அம்மிணி ஒருவர், சொந்த ஊர் காங்கயம்)

கேட்டது நல்லது அம்மிணி. ஈயக் குண்டு விரியும்போது மணலைவிடச் சின்னத் துகளாக உதிர்ந்து, காயத்திலிருந்து ஒரு சாண் தாண்டியும் கறிக்குள் போய்விடும். கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தட்டாது. 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த மான் கொத்துக்கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தூக்கிப் போடச் சொன்னார்கள்.

உங்கள் மாநிலத்தில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. அது உங்கள் குழம்புக்காக வந்த சட்டமில்லை. ஈயம் கலந்த மிச்சத்தைத் தின்று காண்டோர் கழுகுகள் செத்துக்கொண்டிருந்தன. நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகு இருக்கிறதே, நம் நாட்டில் அந்த இனத்தை மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. அங்கே ஈயம். இரண்டிடத்திலும் செத்ததைத் தின்ற பறவைதான் மாட்டிக்கொண்டது.

அதனால் சிநேகிதர் செம்புக் குண்டுதான் போட்டிருக்க வேண்டும். இருந்தாலும் கேட்டுவிடுங்கள். செம்பு நாலு இதழாக விரியும், பெரும்பாலும் உதிராது. ஈயத்தைவிட லேசான உலோகம் என்பதால் அதே கனத்தில் குண்டு நீளமாக இருக்கும், குண்டை மெதுவாகச் சுழற்றுகிற மரையுள்ள குழலில் தள்ளாடும். அவர் குறி சரியில்லை என்று புலம்பினால் ஒரு படி கனம் குறைத்து வாங்கச் சொல்லுங்கள். வேறு மாநிலத்திலிருந்து ஈயக் குண்டில் விழுந்த மான் வந்தால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். மற்றவர்களுக்கும் தொடைக்கறி மட்டும், கொத்துக்கறி வேண்டாம். புளியும் தக்காளியும் ஊற்றி அந்தக் கறியை வேகவைத்தால் ஈயம் இன்னும் கரைந்து இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புச்சி காலமாகி, பீரோவில் அவருடைய .315 ரைஃபிளும் ஒரு டப்பா தோட்டாவும் இருக்கின்றன. லைசென்ஸ் அவர் பெயரில். தோட்டா பச்சை பூத்திருக்கிறது. துடைத்து வைக்கலாமா? (திருப்பூர்)

தொடவே வேண்டாம். .315 என்பது நம் அரசு தொழிற்சாலையில் செய்தது. ராணுவத் துளை அளவுகள் தனியாருக்குத் தடை என்பதால் வந்த அளவு அது. முரட்டு ரைஃபிள், கெட்டுப்போகாது. தோட்டா அப்படியல்ல. பித்தளை பச்சை பூத்து வாயருகே கீறல் விட்டிருந்தால் சுடும்போது பிளந்து கண்ணைக் கெடுக்கலாம். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பித்தளை இன்னும் மெலியும்.

அப்புச்சி போன நாளோடு அந்த லைசென்ஸ் முடிந்தது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21இன்படி துப்பாக்கி, தோட்டா இரண்டையும் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். முதலில் நிலையத்துக்குப் போய் விவரம் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் புத்தகம் கையில் இருக்கட்டும். ரைஃபிள் எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வாரிசு பெயரில் வேண்டும் என்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அப்போது அந்த ரசீது உதவும்.