வாளிப் பாலும் காய்ந்த ரப்பரும்: பேட்டரிப் பங்குகள் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பேட்டரி நிறுவனப் பங்குகள் குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறேன். ஓய்வுக்காலத்துக்கான சேமநிதிப் பணத்தைக் கொண்டு இவற்றை வாங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லூனாஸ் வாசகர்: ஐயா, அமெரிக்க பேட்டரி நிறுவனமான குவாண்டம்ஸ்கேப்பின் பங்கை வாங்கலாமா? அது செய்ய முயலும் திடநிலை பேட்டரி வந்தால் மற்றவை காணாமல் போய்விடும் என்கிறார்களே?

நுட்பம் பொய்யன்று. வழக்கமான பேட்டரியில் இருக்கும் கிராஃபைட்டுக்குப் பதிலாக லித்தியம் உலோகத்தையும், நடுவில் பீங்கான் தடுப்பையும் வைத்தால் அதே எடையில் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கலாம். வோக்ஸ்வேகன் அதில் பணம் போட்டதும் உண்மைதான். ஆனால் 2020 நவம்பரில் சந்தைக்கு வந்த அந்த நிறுவனம், விற்பனை வருவாய் எதுவுமின்றியே டிசம்பரில் 130 டாலரைத் தாண்டியது. 2022 முடிவில் 6 டாலருக்கும் கீழே கிடந்தது.

ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் நான் நின்ற காலத்தில், வாளி எவ்வளவு நிறைந்திருந்தாலும் மெட்ரோலாக் என்ற மிதவை அளவியைப் பாலில் மிதக்கவிட்டு அளந்து, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டுத்தான் புத்தகத்தில் எழுதுவோம். நிறுவனத்தின் அறிவிப்பு வாளிப் பால். விற்ற பேட்டரி செல்லுக்கு வந்த பணம்தான் காய்ந்த ரப்பர். ஆய்வகத்தில் ஒரு செல் நன்றாக ஓடுவது வேறு, இலட்சக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வது வேறு. உற்பத்தியில் இருபது படிகள் இருந்து, ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 98 தேறினாலும், கடைசியில் கைக்கு வருவது சுமார் 67தான். மீதி 33இன் செலவை யார் தலையில் கட்டுவது?

ஓர் ஆசிரியை: உண்மையான போட்டியாளர் டொயோட்டாவா, சாம்சுங்கா?

இரண்டும் போட்டிதான், அம்மா. ஆனால் நான் அதிகம் அஞ்சுவது சீன நிறுவனங்களான சிஏடிஎல், பிஒய்டி ஆகியவை மலிவாகச் செய்து குவிக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குத்தான். புளூம்பெர்க் கணக்குப்படி, ஒரு கிலோவாட் மணிக்கு 2010இல் ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை 2024இல் 115 டாலருக்கு இறங்கிவிட்டது. புதிய நுட்பம் இன்றைய விலையை வென்றால் போதாது. அது கடைக்கு வரும் நாளில் பழையது எந்த விலைக்கு இறங்கியிருக்குமோ அந்த விலையையும் வெல்ல வேண்டும்.

சுங்கைப் பட்டாணி வாசகர்: குவாண்டம்ஸ்கேப் வாங்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கூலிம் வாசகர்: மகன் இங்குள்ள ஈவ் எனர்ஜி என்ற சீன பேட்டரி நிறுவனத்தின் ஆலையில் வேலை செய்கிறான். அதன் பங்கை வாங்கலாமா?

மகனின் சம்பளமும் தந்தையின் சேமிப்பும் ஒரே நிறுவனத்தில் இருந்தால், சரிவு வரும்போது வீட்டில் இரண்டும் ஒன்றாகச் சரியும். சேமநிதிப் பணத்தை அதில் போடுவதற்கும் இதே பேச்சுதான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: கிராணியாரே, மின்சாரக் கார் பெருகுவது உறுதி. தேவை பெருகும்போது பங்கு எப்படி விழும்?

ரப்பரைக் கேளுங்கள், ஐயா. 1910இல் இலண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மலாயாத் தோட்டப் பங்குகளை வாங்க ஆட்கள் முண்டியடித்தார்கள். கார் பெருகும் என்ற அவர்களுடைய கணிப்பு பலித்தது. ஆனால் எல்லாரும் கன்று நட்டார்கள். 1921இல் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே போய், 1922இல் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டமே தேவைப்பட்டது.

அவரே மீண்டும்: ரப்பருக்குக் காப்புரிமை இல்லை, பேட்டரிக்கு உண்டே!

ஏ123 சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க பேட்டரி நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது, அமெரிக்க அரசின் மானியமும் இருந்தது. 2009இல் பங்குச் சந்தைக்கு வந்து, பழுதான செல்களைத் திரும்பப் பெற நேர்ந்து, 2012 அக்டோபரில் திவாலானது. அதன் சொத்தில் பெரும்பகுதியை வாங்கியது சீனாவின் வான்சியாங் நிறுவனம். காப்புரிமை பிறர் நகலெடுப்பதைத் தடுக்கலாம்; வேறு வழியில் மலிவாகச் செய்வதை எப்படித் தடுக்கும்?

அவரே: அப்படியானால் எந்தப் புதுத் தொழிலிலும் முதலிடக் கூடாதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. காலாண்டு அறிக்கையில் கையிருப்பு ரொக்கத்தை ஒரு காலாண்டுச் செலவால் வகுத்துப் பாருங்கள். ஆறு காலாண்டுக்குள் தீர்ந்துவிடும் என்று தெரிந்தால், புதிய பங்குகளை வெளியிடுவார்கள். அப்போது உங்கள் பங்கின் அளவு கரையும். அந்தக் கணக்கைத் தாங்கும் நிறுவனமாக இருந்தால், இழந்தாலும் உறக்கம் கெடாத தொகையைப் போடுங்கள்.

ஒரு தம்பி: தங்கம் எப்படி, ஐயா?

அதை நகைக்கடைக்காரரிடம் கேளுங்கள், தம்பி.

பெயர் சொல்லாதவர்: சேமநிதியிலிருந்து கொஞ்சம் எடுத்து குவாண்டம்ஸ்கேப்...

வேண்டாம்.