துளிகளாக ஓடவிட்டால் குழாய் அடைக்காதா?

கேள்வி: பி3எச்டி என்ற, மின்கருவிகளில் பயன்படும் குறைக்கடத்திப் பாலிமரை டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான்) கரைப்பானில், மெல்லிய டெஃப்லான் குழாயில் தொடர்ந்து ஓடவிட்டுத் தயாரிக்கிறேன். சிறிது நேரத்திலேயே சுவரில் சிவப்பாகப் படிந்து அழுத்தம் ஏறுகிறது. சங்கிலி நீளமும் தாறுமாறாக வருகிறது. துளி முறைக்கு மாறலாமா?

பதில்: தாராளமாக மாறலாம். இரண்டு தொல்லைக்கும் வேர் குழாய்ச் சுவர்தான். நடுவில் உள்ள திரவம் வேகமாக ஓடும்; சுவரை ஒட்டியது ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் சில சங்கிலிகளுக்கு வளர நேரம் போதாது, சிலவற்றுக்கு மிஞ்சும். தேங்கியது அப்படியே படியவும் தொடங்கும். ஃப்ளூரின் எண்ணெயோடு சேர்த்து ஓடவிட்டால், எண்ணெய் சுவரை நனைத்துக்கொள்ளும், கரைசல் சுவரைத் தொடாமல் துளித்துளியாகப் போகும். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டிக் குடுவை. எல்லாத் துளிக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இதே பாலிமரை இப்படித் தயாரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

பலர் கோட்டைவிடுவது எண்ணெயில்தான். ஃப்ளூரின் எண்ணெய் ஆக்சிஜனை ஏராளமாகக் கரைத்து வைத்திருக்கும். கரைப்பானை மட்டும் உலர்த்தி, வாயு நீக்கிவிட்டு எண்ணெயை அப்படியே விட்டால், கிரிக்னார்டு மோனோமரும் (சங்கிலியாகக் கோக்கப்படும், மக்னீசியம் சேர்ந்த சிறு மூலக்கூறு) நிக்கல் வினையூக்கியும் துளிக்குள்ளேயே வீணாகும். எண்ணெயிலும் நைட்ரஜனையோ ஆர்கானையோ நன்றாகக் குமிழவிடுங்கள். டெஃப்லான் குழாய் வழியாகவும் ஆக்சிஜன் கசியும். நீண்ட ஓட்டம் என்றால் குழாயையே நைட்ரஜன் சூழலில் வையுங்கள். அப்புறம், எண்ணெயின் கொதிநிலையைப் பாருங்கள். டி.எச்.எஃப். 66 டிகிரியில் கொதிக்கும். எஃப்சி-72 என்ற ஃப்ளூரின் எண்ணெய் அதற்கும் முன்பே, 56-இல் கொதித்துவிடும். எஃப்சி-40 போன்றது பாதுகாப்பு. வேலை செய்யும் வெப்பநிலையில் எண்ணெயும் கரைசலும் கலக்காமல் பிரிந்தே நிற்கின்றனவா என்று ஒரு சிறு குப்பியில் முதலில் சோதித்துவிடுங்கள்.

நேரக் கணக்கில் எண்ணெயையும் சேருங்கள். 1 மி.மீ. உள்விட்டமுள்ள 5 மீட்டர் குழாய் 3.9 மி.லி. பிடிக்கும். கரைசல், எண்ணெய் இரண்டும் நிமிடத்துக்குத் தலா 0.1 மி.லி. என்றால் வினைக்குக் கிடைப்பது சுமார் 20 நிமிடம்; 39 அல்ல.

சோப்பு போன்ற பரப்பு வினைப்பொருள் எதுவும் வேண்டாம். குழாயின் அகலம் முழுக்க நிரம்பி நீளும் துளிகளுக்கு அது தேவையில்லை, பாலிமரில் கலந்தால் பிற்பாடு மின்கருவிக்குத்தான் கேடு.

ஓட்டத்தைக் கண்ணாலேயே கண்காணிக்கலாம். வெளிறிய துளி போகப்போக ஆரஞ்சாகும். துளியின் வாலில் நிறக்கோடு இழுபட்டால் அது சுவரைத் தொடுகிறது என்று பொருள். உடனே எண்ணெயின் வேகத்தைக் கூட்டுங்கள். முடிவில் அமிலம் கலந்த மெத்தனாலில் சொட்டவிட்டால் பாலிமர் வீழ்படிவாகும், கனமான எண்ணெய் அடியில் தங்கும். அதைப் பிரித்தெடுத்து, மெத்தனால் போகக் கழுவி உலர்த்தி, வாயு நீக்கி மறுபடி பயன்படுத்தலாம்.